வாவியின் இரு கரைகளிலும் எழுதப்படாத ஓர் ஆய்வு

2004 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் திகதி, மட்டக்களப்பு நகரில் பணிக்குச் சென்றுகொண்டிருந்த வேளையில் மூத்த பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக்கொல்லப்பட்டார். வடமராட்சியில் பிறந்து, மட்டக்களப்பைத் தமது ஊராக்கிக்கொண்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வீரகேசரிக்குச் செய்தி எழுதியவர் அவர். அதிலிருந்து 11 மாதங்கள் செல்வதற்கிடையில், 2005 ஏப்ரல் 28 ஆம் திகதி இரவு, மட்டக்களப்பின் மைந்தரான தருமரத்தினம் சிவராம் கொழும்பு பம்பலப்பிட்டி பொலிஸ் நிலையத்திற்கு எதிரே வைத்துக் கடத்தப்பட்டு, மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையிலுள்ள பகுதியொன்றில் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார். இரு தசாப்தங்கள் கடந்துவிட்டன. இவ்விரு கொலைகளுக்காகவும் இன்றுவரை எவரும் தண்டனை பெறவில்லை.

இது வாசகர்கள் அறியாத செய்தியன்று. ஆண்டுதோறும் மே மாதத்தில் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் நினைவுச்சுடர் ஏற்றப்படுவதும், அதிகாரத்திலிருப்போர் நீதி வழங்கப்படும் என்று கூறுவதும், அடுத்த மே வரை அக்கூற்று மறக்கப்படுவதும் வழமையாகிவிட்டன. நாம் இங்கு எடுத்துக்கொள்ள விரும்புவது அதனுடன் தொடர்புடைய வேறொரு விடயம். உலகப் பல்கலைக்கழகங்களில் ஊடகவியலாளரின் பாதுகாப்பு என்பது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தனியொரு ஆய்வுத்துறையாகவே வளர்ந்துவிட்டது. அத்துறை மட்டக்களப்பு வாவிக்கரையைப் பற்றி எதனை அறிந்து வைத்திருக்கின்றது, எதனை அறியாதிருக்கின்றது என்ற கேள்வி எமது பிரதேசத்தில் உரக்க எழுப்பப்பட்டதாகத் தெரியவில்லை.

அத்துறையின் வரலாறு நீண்டதன்று. ஊடகவியலாளரின் பாதுகாப்பும் தண்டனையிலிருந்து தப்பிக்கும் நிலையும் தொடர்பான ஐக்கிய நாடுகளின் செயற்றிட்டம் 2012 ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கீகாரம் பெற்றது. அடுத்த ஆண்டு டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபை நவம்பர் 2 ஆம் திகதியை, ஊடகவியலாளருக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையின்மையை முடிவுறுத்தும் சர்வதேச தினமாகப் பிரகடனம் செய்தது. அதே ஆண்டு நவம்பர் 2 ஆம் திகதி மாலி நாட்டில் இரு பிரெஞ்சு வானொலிச் செய்தியாளர்கள் கொல்லப்பட்டமையே அத்திகதிக்கான காரணம். 2016 மே மாதத்தில் ஹெல்சிங்கி நகரில் உலக பத்திரிகைச் சுதந்திர தினத்தையொட்டி, இவ்விடயம் குறித்த முதலாவது கல்விசார் மாநாட்டை யுனெஸ்கோ கூட்டியது. பிரித்தானியாவின் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கெனவே ஒரு யுனெஸ்கோ பேராசிரியர் பதவி உண்டு. நோர்வேயின் ஒஸ்லோ மாநகரப் பல்கலைக்கழகத்தில் ஊடகவியலாளர் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கூடும் மாநாடு நடைபெற்று வருகின்றது. நோர்வேயின் பெயரைக் கேட்டவுடன் எமது வாசகர்களுக்குச் சமாதானத் தூதுவர்களின் ஞாபகம் வருமென்பதை நாம் அறிவோம். தூதுவர்கள் போய்விட்டார்கள். ஆய்வாளர்களாவது வரட்டும்.

இவ்வாய்வுகளின் அடித்தளமாக இருப்பவை எண்ணிக்கைகளே. உலகெங்கும் கொல்லப்பட்ட ஊடகவியலாளரின் வழக்குகளில் 2012 ஆம் ஆண்டளவில் 95 வீதமானவை தீர்க்கப்படாதிருந்தன என்றும், 2024 ஆம் ஆண்டில் அது 85 வீதமாகக் குறைந்துள்ளது என்றும் யுனெஸ்கோ கூறுகின்றது. பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து வீதம். இதனை முன்னேற்றம் என்று கொள்வோரும் உளர். மட்டக்களப்பைப் பொறுத்தவரை அந்தப் பத்து வீதத்தின் பங்கு எதுவும் வந்து சேரவில்லை என்பதை மட்டும் இங்கு குறிப்பிட்டுச் செல்கின்றோம்.

எண்ணிக்கை எங்கிருந்து தொடங்குகின்றது என்பதே முதலாவது சிக்கல். நியூயோர்க்கைத் தளமாகக் கொண்ட பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் தரவுகள் 1992 ஆம் ஆண்டிலிருந்தும், யுனெஸ்கோவின் தரவுகள் 1993 ஆம் ஆண்டிலிருந்தும் தொடங்குகின்றன. மட்டக்களப்பு வாவிக்கரையின் மிகக் கொடிய ஆண்டு எது என்று இப்பிரதேசத்தின் முதியவர் எவரைக் கேட்டாலும், தமிழராயினும் முஸ்லிமாயினும், 1990 என்றே கூறுவர். அவ்வாண்டு ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஒருவாரத்தின் பின்னர் ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர் 158 பேர் படையினரால் அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வரவில்லை. செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் குழந்தைகள் முதற்கொண்டு கொல்லப்பட்டனர். அதே ஆண்டு பெப்ரவரியில் கொழும்பில் றிச்சட் டி சொய்சா கடத்திக் கொல்லப்பட்டார். மேற்கூறிய இரு தரவுத்தளங்களிலும் அவ்வாண்டுக்கு இடமில்லை. அந்த மாதங்களில் இவ்வாவியைச் சூழ்ந்த ஊர்களில் செய்தி சேகரித்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது, எந்தச் செய்தி எவரால் நிறுத்தப்பட்டது என்பன எங்கும் பதிவாகவில்லை.

இரண்டாவது சிக்கல், யார் ஊடகவியலாளர் என்பது. கொழும்பிலுள்ள ஆசிரியபீடத்தில் நியமனக் கடிதத்துடன் பணியாற்றுபவரை எவரும் ஐயமின்றி அப்படியே எண்ணுவர். பிரதேச நிருபரின் நிலை அவ்வாறன்று. அவர் ஒருவேளை பாடசாலை ஆசிரியராக இருப்பார். அல்லது கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகவோ தபாலகத்தில் உத்தியோகத்தராகவோ இருப்பார். மாலையில் செய்தி எழுதி, முற்காலத்தில் தொலைநகலிலும் பிற்காலத்தில் மின்னஞ்சலிலும் அனுப்புவார். ஒரே செய்தியை இரண்டு மூன்று பத்திரிகைகளுக்கும் ஒரு வானொலிக்கும் அனுப்புவதும் உண்டு. பிரசுரமான அளவைப் பொறுத்தே கொடுப்பனவு. நியமனக் கடிதமோ காப்புறுதியோ பலருக்கு இருந்ததில்லை. சிலருக்கு அடையாள அட்டைகூட இருந்ததில்லை. பாதுகாப்புக் கருதிப் பெயர் போடாமலும் புனைபெயரிலும் எழுதினர். இப்படிப்பட்ட ஒருவர் காணாமற்போனால், அவர் ஆசிரியராகக் காணாமற்போனாரா, நிருபராகக் காணாமற்போனாரா?

சர்வதேச அமைப்புகள் கொலையின் நோக்கம் உறுதிப்படுத்தப்பட்டதா என்று பார்க்கின்றன. உறுதிப்படுத்தப்பட்டவை ஒரு பட்டியலிலும், உறுதிப்படுத்தப்படாதவை வேறொரு பட்டியலிலும், பத்திரிகை விநியோகிப்போர், சாரதிகள் போன்றோர் ஊடகப் பணியாளர் என்ற மற்றொரு வகுப்பிலும் சேர்க்கப்படுகின்றனர். முறையியல் என்ற வகையில் இதனைக் குறை கூற முடியாது. ஆதாரமில்லாத எண்ணிக்கை எவருக்கும் பயன்படாது. ஆயினும் நோக்கத்தை உறுதிப்படுத்துவதற்கு ஒழுங்கான பொலிஸ் விசாரணை வேண்டும். விசாரணை நடைபெறாத இடத்திலேயே நோக்கம் உறுதிப்படாமல் போகின்றது. எனவே, எங்கு சட்டம் முற்றாகச் செயலிழந்ததோ அங்கேதான் எண்ணிக்கையும் குறைவாகத் தெரிகின்றது. இலங்கையில் கொல்லப்பட்ட ஊடகத்துறையினரின் தொகை ஒவ்வோர் அமைப்பின் பட்டியலிலும் ஒவ்வொரு விதமாக இருப்பதற்கு இதுவே பிரதான காரணம். கொல்லப்பட்டோரில் மிகப் பெரும்பான்மையினர் தமிழர் என்பதில் மட்டும் எல்லாப் பட்டியல்களும் உடன்படுகின்றன.

மட்டக்களப்பின் புவியியலை அறியாதவர்களுக்கு இச்சிக்கலின் ஆழம் புலப்படாது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளும் வாவியின் கிழக்குக்கரை எழுவான்கரை, மேற்குக்கரை படுவான்கரை. நகரமும், காத்தான்குடியும், பிரதான வீதியும் எழுவான்கரையில். வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் படுவான்கரையில். யுத்தகாலத்தின் பெரும்பகுதியில் எழுவான்கரை அரச படைகளின் கட்டுப்பாட்டிலும், படுவான்கரை 2007 ஆம் ஆண்டு வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் வாவியைக் கடப்பதென்றால் பாதையில்தான் கடக்க வேண்டும். நிருபர் ஒருவர் காலையில் சோதனைச் சாவடியில் பெயர் பதிந்துவிட்டு அக்கரைக்குச் சென்று, மாலையில் மீண்டும் பெயர் பதிந்துவிட்டு இக்கரைக்கு வருவார். ஏன் சென்றாய் என்று இங்கும், ஏன் வந்தாய் என்று அங்கும் கேட்கப்படும். மறுநாள் பத்திரிகையில் வரும் செய்தி யாரால் எழுதப்பட்டதென்பதைச் சாவடிப் பதிவேட்டைப் புரட்டியே இரு தரப்பினரும் அறிந்துகொள்ளலாம். புனைபெயர் எந்த அளவுக்குப் பாதுகாப்பளித்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளட்டும்.

2004 மார்ச்சில் புலிகள் அமைப்பிலிருந்து கருணா பிரிந்த பின்னர், இரு தரப்பு என்பது பல தரப்பாகியது. கொழும்பிலிருந்து வந்த தமிழ்ப் பத்திரிகைகள் மட்டக்களப்பில் விநியோகிக்கப்படாது தடுக்கப்பட்டன, கட்டுக்கட்டாகத் தீயிடப்பட்டன. ஒரு தரப்பின் அறிக்கையை வெளியிட்டால் மறுதரப்புக்குத் துரோகி. வெளியிடாவிட்டால் இத்தரப்புக்குத் துரோகி. நடேசன் கொல்லப்பட்டது அந்த மாதங்களில்தான். அதற்கு முன்னரே, 2001 இல், இராணுவ அதிகாரி ஒருவரால் அழைக்கப்பட்டு எச்சரிக்கப்பட்டவர் அவர். ஆயுதம் தாங்கிய எத்தரப்பும் சுயாதீனமான செய்தியை விரும்பியதில்லை. இதனைக் கூறும்போது ஒரு தரப்பை மட்டும் பெயர் சொல்லி மறு தரப்பை விட்டுவிடுவது எமது அரசியல் எழுத்தின் நெடுநாளைய வழக்கம். ஆய்வு என்று வரும்போது அவ்வழக்கத்துக்கு இடமிருக்க முடியாது.

தமிழ், முஸ்லிம் உறவைப் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று மேடைகளில் கூறுவது மட்டக்களப்பில் ஒரு சம்பிரதாயம். 1990 இன் பின்னர் அந்தப் பிட்டும் தேங்காய்ப்பூவும் வெவ்வேறு பத்திரிகைப் பத்திகளில் பரிமாறப்பட்டன என்பதே உண்மை. காத்தான்குடிக்குள்ளும் ஏறாவூருக்குள்ளும் தமிழ் நிருபர் செல்லத் தயங்கிய காலம் இருந்தது. படுவான்கரைக்கு முஸ்லிம் நிருபர் செல்வதென்பது நினைத்தும் பார்க்க முடியாததாக இருந்த காலமும் இருந்தது. விளைவு என்னவெனில், ஒவ்வொரு சமூகத்தின் மரணத்தையும் அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரே எழுதினார். மற்றச் சமூகத்தவர் அதனை நம்பவில்லை, அல்லது வாசிக்கவேயில்லை. ஒரே மொழியில் எழுதி, ஒரே வாவியில் மீன் வாங்கும் இரு சமூகங்களிடையே இவ்வளவு பெரிய செய்தி இருட்டடிப்பு நிகழ்ந்தது எவ்வாறு என்பதே தனியொரு கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் போதிய பொருளாகும். நிருபரின் உயிருக்கிருந்த அச்சுறுத்தலை ஒதுக்கிவிட்டு அதனை விளக்க முடியாது.

இவ்வாவிக்கரை ஆய்வாளர்களால் புறக்கணிக்கப்பட்ட இடமென்று எவரும் கூற முடியாது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்றே கிழக்கின் தமிழ், முஸ்லிம் சமூகங்களைப் பல தசாப்தங்களாக ஆராய்ந்து 2008 இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். பட்ரிஷியா லோறன்ஸ் யுத்தகால மட்டக்களப்பில், வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரங்கள் அம்மன் கோயில்களில் உருவாடுவோரின் வாயிலாக வெளிப்பட்டதை எழுதினார். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளரான காலஞ்சென்ற எஸ்.எச். ஹஸ்புல்லா உட்பட இலங்கை, ஐரோப்பிய ஆய்வாளர் அறுவர் சேர்ந்து, கிழக்கின் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் யுத்தத்தின் நடுவே எவ்வாறு இயங்கின என்பதை 2015 இல் நூலாக்கினர். செய்தித்தாள் மௌனமாகிய ஊரில் தெய்வம் ஏறியவர் பேசினார் என்பது லோறன்ஸின் ஆய்விலிருந்து நாம் பெறும் செய்தி. ஊடகச் சுதந்திரம் பற்றிய எந்த அறிக்கையும் இதனைக் கணக்கில் எடுத்ததாக நாம் அறியோம்.

ஊடகவியலாளர் ஒருவரையே மையமாகக் கொண்ட ஆய்வும் ஒன்றுண்டு. மார்க் விட்டேக்கர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1980 களின் ஆரம்பத்தில் மண்டூர் முருகன் கோயில் பற்றிய ஆய்வுக்காக மட்டக்களப்புக்கு வந்தவர். அப்போது அறிமுகமான இளைஞரே சிவராம். புனித மிக்கேல் கல்லூரியில் கற்று, பேராதனைக்குச் சென்று, இடைநடுவில் இயக்க அரசியலில் இறங்கி, பின்னர் தராகி என்ற பெயரில் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளில் எழுதி, தமிழ்நெட் இணையத்தளத்தின் ஆசிரியராகி, இறுதி ஆண்டுகளில் வீரகேசரியில் தமிழிலும் எழுதிய சிவராமுடைய வாழ்வையும் மரணத்தையும் 2007 இல் விட்டேக்கர் நூலாக வெளியிட்டார். சிவராமின் அரசியலுடன் உடன்படாதவர்களும் வாசிக்க வேண்டிய நூல் அது. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட நட்பின் அடியாகப் பிறந்தமையால் அறிக்கைகளில் கிடைக்காத பல விடயங்கள் அதில் உண்டு. அச்சுறுத்தல் என்பது ஒருநாள் நிகழ்வன்று, ஒரு வாழ்க்கைமுறை என்பதை அது காட்டுகின்றது. ஆனால், கடல் கடந்து வந்த நண்பர் ஒருவர் வாய்க்காத ஏனைய நிருபர்களின் கதைகளை யார் எழுதுவது? நடேசனுக்கு அப்படியொரு நூல் இல்லை. காத்தான்குடியிலும் ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும் யுத்தத்தினூடே செய்தி எழுதிய முஸ்லிம், தமிழ் நிருபர்கள் எவருக்கும் இல்லை.

உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் இதனை ஏன் செய்யவில்லை என்று கேட்பது எளிது. செய்ய முயன்ற கல்வியாளருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துக் கேட்பதே நேர்மை. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைச் சேர்ந்தவரும் ‘முறிந்த பனை’ நூலாசிரியர்களில் ஒருவருமான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடாதிபதி 2006 செப்டெம்பரில் கடத்தப்பட்டார். உபவேந்தர் பதவியிலிருந்து விலகுமாறு அச்சுறுத்தப்பட்ட பேராசிரியர் எஸ். ரவீந்திரநாத் 2006 டிசெம்பர் 15 ஆம் திகதி, கொழும்பில் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் மாநாட்டுக்குச் சென்ற இடத்தில், உயர்பாதுகாப்பு வலயத்தில் வைத்துக் காணாமற்போனார். உபவேந்தரே காணாமலாக்கப்படும் நாட்டில் விரிவுரையாளர் ஒருவர் காணாமலாக்கப்பட்ட நிருபரைப் பற்றி ஆய்வு செய்வதற்கு எத்தகைய துணிவு வேண்டியிருந்திருக்கும்?

ஆய்வுக் குறிப்பேடும் ஆபத்தானதே. அச்சுறுத்தப்பட்ட நிருபர் ஒருவர் ஆய்வாளரிடம் கூறுபவை, யார் மிரட்டினார், யாரிடமிருந்து செய்தி கிடைத்தது, எங்கே மறைந்திருந்தார் என்பவை, எழுத்தில் வந்த கணத்திலிருந்தே மூன்றாமவர் கையில் சிக்கக்கூடிய ஆவணமாகின்றன. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்கென ஒழுக்கநெறிக் குழுக்கள் உள்ளன. பெயர்களை மறைத்தெழுத வேண்டுமென்ற விதிகள் உள்ளன. ஆயினும், முழு மாவட்டத்திலும் இருபது முப்பது நிருபர்கள் மட்டுமே உள்ள இடத்தில், பெயரை மறைத்து, “நாற்பது வயதுடைய ஏறாவூர் நிருபர்” என்று எழுதினால் யார் என்று தெரியாமற் போகுமா? பெயர் மறைப்பு பெருநகரங்களுக்கு ஏற்ற மருந்து. எமது ஊர்களுக்கு வேறொரு முறை தேவை. வாக்குமூலங்களைப் பதிவுசெய்து, கூறியவரின் சம்மதமின்றிக் குறிப்பிட்ட காலம்வரை திறக்கப்படாத ஆவணக் காப்பகமொன்றில் வைப்பது அத்தகைய முறைகளுள் ஒன்று. அதனை எவரிடம் நம்பி ஒப்படைப்பது என்பது அடுத்த கேள்வி; சுலபமான கேள்வியன்று.

யுத்தம் முடிந்த பின்னர் நிலைமை மாறிவிட்டதென்று கூறப்படுவதில் ஓரளவு உண்மையுண்டு. கொலைகள் நின்றன. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பின் சுட்டியில் 2024 இல் 150 ஆவது இடத்திலிருந்த இலங்கை 2025 இல் 139 ஆவது இடத்துக்கு ஏறியது. நாட்டுக்கு ஓர் இலக்கம் கொடுக்கும் சுட்டி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் நிலைமையைக் காட்டாது. 2020 ஜனவரியில் மட்டக்களப்பு ஊடக அமையத்தில், மாவட்டத்தைச் சேர்ந்த ஏழு ஊடகவியலாளர்களை இலக்கு வைத்து, மரணதண்டனை விதிக்கப்படும் என்று மிரட்டும் துண்டுப்பிரசுரங்கள் போடப்பட்டிருந்தன. 2023 ஓகஸ்டில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைப் பிரச்சினையைப் பார்வையிடச் சென்ற சர்வமதத் தலைவர்களும் அவர்களுடன் சென்ற செய்தியாளர்களும் கும்பலொன்றினால் சூழப்பட்டுப் பல மணிநேரம் தடுத்துவைக்கப்பட்டனர். அக்குழுவில் வெவ்வேறு மதத்தவரும் இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவினரின் அழைப்பாணையைப் பெறுவது மட்டக்களப்பு நிருபர்கள் பலருக்குப் புதிய அனுபவமன்று.

கும்பலின் அச்சுறுத்தல் பற்றி அண்மைக்கால ஆய்வுகள் கூறும் ஒரு கருத்து இங்கு பொருந்துகின்றது. சில்வியோ வைஸ்போட் என்ற ஊடக ஆய்வாளர் 2020 இல் இதனைக் கும்பல் தணிக்கை என்றார். தணிக்கை அதிகாரி இல்லை, சீருடை இல்லை, கட்டளையிட்டவர் யார் என்பதும் தெரியாது. திரண்டெழும் சாதாரண மக்களே எழுதுபவரின் வாயை அடைக்கின்றனர். அவர் அமெரிக்காவின் இணையவெளி வசைகளை ஆராய்ந்தே இதனைக் கூறினார். ஆனால் எமது கரைக்கு இது புதியதன்று. ஏறாவூரைச் சேர்ந்த எழுத்தாளரும் ஊடகவியலாளருமான ஸர்மிளா ஸெய்யித், 2012 இல் பிபிசி தமிழோசைக்கு வழங்கிய நேர்காணலில் பாலியல் தொழில் சட்டபூர்வமாக்கப்படுவது பற்றிக் கூறிய கருத்துக்காகக் கடும் அச்சுறுத்தலுக்குள்ளாகி ஊரையும் நாட்டையும் விட்டு வெளியேற நேர்ந்தது. 2015 இல் அவர் கொல்லப்பட்டுவிட்டதாகப் போலிப் படங்களுடன் வதந்தி பரப்பப்பட்டது. அவரது கருத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. மறுப்பவர்கள் எழுதி மறுத்திருக்கலாம். பெண் ஊடகவியலாளருக்கு இணையவழியில் நேரும் வன்முறை பற்றி யுனெஸ்கோ 2020 இல் நடத்திய ஆய்வில், பதிலளித்தவர்களில் 73 வீதமானோர் அத்தகைய வன்முறைக்கு முகங்கொடுத்ததாகக் கூறினர். அப்படியொரு பெயர் சூட்டப்படுவதற்கு முன்னரே ஏறாவூரில் அது நடந்துவிட்டது.

சமூகத்துக்குள்ளிருந்து எழும் அச்சத்தைப் பற்றிப் பேசுவது அச்சமூகத்தைக் காட்டிக்கொடுப்பதாகும் என்றொரு எண்ணம் இரு சமூகங்களிலும் ஆழ வேரூன்றியுள்ளது. அதன் விலையையும் இரு சமூகங்களும் கொடுத்துள்ளன. காத்தான்குடியில் சஹ்ரான் ஹாஷிமின் குழுவினர் 2017 மார்ச்சில் மாற்றுக் கருத்துடைய முஸ்லிம்கள் மீது வாளேந்தித் தாக்குதல் நடத்தினர். அதற்கு முன்னரும் பின்னரும் அவர்களைப் பற்றி முறைப்பாடு செய்தவர்களில் முஸ்லிம்களே முன்னின்றனர். உள்ளூரில் எல்லோரும் அறிந்த ஒன்று, தேசிய ஊடகங்களில் உரிய கனத்துடன் எழுதப்படவில்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குழந்தைகள் பலியானபோதுதான் நாடு காத்தான்குடியைத் திரும்பிப் பார்த்தது. பார்த்த விதமும் நியாயமானதன்று. ஒரு குழுவின் குற்றம் முழுச் சமூகத்தின் மீதும் சுமத்தப்பட்டது. எழுதுபவர்களும் தப்பவில்லை. சமூக ஊடகத்தில் வெறுப்புக்கு எதிராக எழுதிய ரம்ஸி ராஸிக் 2020 ஏப்ரலில் கைதுசெய்யப்பட்டார். இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தமது கவிதை நூலுக்காக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டு, 2021 டிசெம்பர் வரை பிணையின்றித் தடுத்துவைக்கப்பட்டார். அந்நூல் வன்முறையை எதிர்ப்பது என்பதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் அரைமணி நேரத்தில் கண்டுகொண்டிருப்பார். அவரை நீதிமன்றம் விடுதலை செய்தது 2023 டிசெம்பரில்.

இதே சட்டத்தின் கீழ்த்தான் 2009 ஓகஸ்ட் 31 ஆம் திகதி ஜே.எஸ். திஸ்ஸநாயகம் என்ற தமிழ் ஊடகவியலாளருக்குக் கட்டுரை எழுதியமைக்காக 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது; அடுத்த ஆண்டு அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. 1979 இல் தற்காலிகமானதென்று கூறிக் கொண்டுவரப்பட்ட சட்டம், தமிழரைத் தேடிய காலத்தில் முஸ்லிம்கள் அதனைத் தூரத்துப் பிரச்சினையாகப் பார்த்தனர். முஸ்லிம்களைத் தேடிய காலத்தில் தமிழர் பலரும் அவ்வாறே பார்த்தனர். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது இரு சாராரும் ஒருங்கே கவலை தெரிவித்தனர். சற்றுத் தாமதமான ஒற்றுமை.

நீதிமன்றங்களைப் பொறுத்தவரை, மிகப் பிரசித்தமான வழக்கே எங்கு நிற்கின்றது என்பதைப் பார்த்தால் ஏனையவற்றின் நிலை விளங்கும். லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 ஆம் திகதி கொல்லப்பட்டார். 2022 இல் ஹேக் நகரில் கூடிய மக்கள் தீர்ப்பாயம் அவ்வழக்கை விசாரித்து இலங்கை அரசைக் குற்றவாளியாகக் கண்டது. அதற்குச் சட்ட வலுவில்லை. 2025 ஜனவரியில் சந்தேகநபர்கள் மூவரை விடுவிக்குமாறு சட்டமா அதிபர் அறிவுறுத்தியமையும், எதிர்ப்பு எழுந்ததால் அடுத்த மாதம் அது இடைநிறுத்தப்பட்டமையும் தெரிந்தவை. 2000 ஒக்டோபர் 19 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட மயில்வாகனம் நிமலராஜனின் வழக்கில் ஒரு சந்தேகநபர் 2022 இல் பிரித்தானியாவில் கைதுசெய்யப்பட்டார். இலங்கைப் பொலிஸாரால் இருபது ஆண்டுகளில் இயலாததை லண்டன் பொலிஸார் தொடங்கிவைத்தனர். நடேசனின் பெயர் இத்தகைய முயற்சிகள் எதிலும் முன்னுக்கு வரவில்லை. உலகின் அக்கறை, தலைநகரில் ஆங்கிலத்தில் எழுதியவரை நோக்கி முதலில் செல்வது இயல்பே. 2006 மே 2 ஆம் திகதி, உலக பத்திரிகைச் சுதந்திர தின மாநாட்டை யுனெஸ்கோ கொழும்பில் நடத்திக்கொண்டிருந்த அதே வேளையில் யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் பணியாளர் இருவரைச் சுட்டுக்கொன்றதை நாம் மறந்துவிடவில்லை. மாநாட்டு மண்டபத்துக்கும் மாகாணத்துக்கும் இடையிலுள்ள தூரம் அது.

இனிச் செய்யவேண்டியது என்ன என்பதில் எமக்குள்ள கருத்தைச் சொல்லிவிடுகின்றோம். கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1985 முதல் இன்றுவரை இப்பிரதேசத்தில் செய்தி எழுதியவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்யும் பணியை ஏற்க வேண்டும். தனித்தனியாகச் செய்தால் மீண்டும் இரண்டு பட்டியல்களே கிடைக்கும்; தமிழ் மாணவர் ஏறாவூரிலும் முஸ்லிம் மாணவர் கொக்கட்டிச்சோலையிலும் சென்று கேட்கும் வகையில் அது அமைய வேண்டும். கொல்லப்பட்டோரை மட்டுமன்றி, ஊரை விட்டுப் போனோர், எழுதுவதை நிறுத்திக்கொண்டோர், எழுதியும் பிரசுரமாகாதோர் ஆகியோரையும் அது கணக்கில் எடுக்க வேண்டும். எழுதாமல் விடப்பட்ட செய்திக்கு எந்தச் சுட்டியிலும் இலக்கமில்லை. கொழும்புப் பத்திரிகை நிறுவனங்கள் தமது பழைய கொடுப்பனவுப் பதிவேடுகளை ஆய்வாளருக்குத் திறந்துவிட்டால், புனைபெயர்களுக்குப் பின்னாலிருந்தோர் யார் என்பதையும், அவர்களுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதையும் அறியலாம். இரண்டாவது தகவல் வெளிவருவதில் நிறுவனங்களுக்குச் சங்கடம் இருக்கக்கூடும்.

காலம் அதிகமில்லை. 1990 இல் முப்பது வயதிலிருந்த நிருபர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருப்பவர்களை இணையவழியாகவேனும் கேட்கலாம். வாழைச்சேனையிலும் காத்தான்குடியிலும் இருப்பவர்களை நேரிற் சென்றே கேட்க வேண்டும். அவர்களிற் சிலர் அக்காலத்தில் அனுப்பிய செய்திகளின் தொலைநகற் பிரதிகளை இன்னமும் கோவைகளில் வைத்திருக்கக்கூடும். வெப்பத்தால் எழுத்துப் பதியும் அத்தாளில் எழுத்து நெடுநாள் நிற்பதில்லை. ஆண்டுக்காண்டு மங்கி, இறுதியில் வெறுந்தாளாகிவிடுகின்றது. அவற்றை முதலில் பிரதி செய்துகொள்ள வேண்டும்.